வெற்று நாற்காலி வேண்டாம்

வின்டர்கோம்,
14 அக்டோபர் 1812

போர்த்துக்கல் போர்முனையில் இருக்கும் என் அன்புக் கணவர் கர்னல் ஆம்ப்ரோஸ் ஹால்ஸ்டட் அவர்களுக்கு லவீனியா எழுதியது. இங்கு நானும் குழந்தைகளும் சுகம்.

ஜெயித்துவிட்டீர்கள்! ஒரே ஒரு ஓட்டில். பாராளுமன்றத்தில் இடம் கிடைத்தால் விடுப்பு வாங்கி வீட்டுக்கு வரலாம் என்று எழுதினீர்களே, அன்றிலிருந்து நான் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினேன். இந்த ஊரில் இத்தனை நாய்கள் இருப்பது இப்போதுதான் எனக்குத் தெரியும்.

கடைசி நாள் இரு பக்கமும் நாற்பத்தொரு ஓட்டு. பாக்கி இருந்தது கொல்லன் ஈனக் டாப்லி ஒருவன்தான். அவன் கோயிலுக்குப் போகும் ஆற்றங்கரைப் பாதையில் நீங்கள் வேலி போட்ட நாள் முதல் நம்மைக் கண்டால் மரியாதைக்குத் தொப்பியைத் தொடமாட்டானே, அவனேதான். ஓட்டை ஊரறிய வாயால் சொல்ல வேண்டுமல்லவா? சந்தை மேடையில் ஏறியவன் தேர்தல் அதிகாரியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"ஓட்டுக்கு மட்டும் வாசல் தேடி வர்றீங்களே அம்மா, வழிய அடைச்சப்ப எங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

ஊரே சிரித்தது. தப்புதான், இன்றே வேலியைப் பிடுங்கச் சொல்கிறேன் என்றேன்.

"நீங்க பிடுங்கக் கூடாது. போட்டவரே வந்து பிடுங்கட்டும். அதுக்காகவாவது அவரு ஊருக்கு வரணும்" என்றவன், சந்தை அதிர உங்கள் பெயரைச் சொன்னான். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

பிறகு ஒரு சண்டை. ஜெயித்தவரை நாற்காலியில் வைத்துச் சந்தையைச் சுற்றித் தூக்கிப்போக வேண்டும், நீங்களோ இல்லை. வெற்று நாற்காலியையே தூக்கலாம் என்று ரொட்டிக்கடைக்காரர் சொன்னதும் ஈனக் சீறிவிட்டானாம், இங்கென்ன எழவா விழுந்திருக்கிறது என்று. கடைசியில் என்னையே ஏற்றிவிட்டார்கள். தூக்கியவர்கள் எல்லாம் மூக்கு முட்டக் குடித்திருந்தார்கள். என் தொப்பி வாத்துக்குளத்தில் விழுந்தது. நம் மகள் சிசிலி கைதட்டிக்கொண்டே பின்னால் ஓடிவந்தாள். கல்யாண நாளுக்குப் பிறகு நான் இவ்வளவு சிரித்ததில்லை.

வேலி அப்படியே நிற்கிறது. வேலைக்காரர்களைத் தொடவிடாமல் ஈனக் காவல் இருக்கிறான். நீங்கள் எப்போது வருவீர்கள் என்று தினமும் கேட்கிறான். இப்போது தொப்பியைத் தொட்டுவிட்டுத்தான் கேட்கிறான்.

உங்கள் தோளில் குண்டு பட்டதை நீங்கள் எழுதவில்லை. பட்டாளத்து மருத்துவர் எழுதித்தான் தெரிந்தது. கோபம் இருக்கிறது, வந்தபின் திட்டுகிறேன். கை தூக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. ஈனக்கிடம் நான் பேசிக்கொள்கிறேன். வேலியை நானே பிடுங்குவேன், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.

கடவுள் உங்களை முழுசாக என்னிடம் சேர்க்கட்டும்.

உங்கள்
லவீனியா