டாக்டர் மட்டும்தான் எடுத்தவர்

மே 2009, ஞாயிறு இரவு

இன்னும் வீட்டின் கீழ்த்தளத்து பேஸ்மென்டுக்குள்தான் இருக்கிறேன். மெக்சிகோவில் பன்றிக் காய்ச்சல் என்று சனத்தை உள்ளே விடாமல் வெறும் அரங்கில் எங்கள் உதைபந்தாட்ட அணியை ஆடவைத்தார்கள். திரும்பி வந்ததும் மிச்ச ஆட்டங்களைத் தள்ளிவைத்து, வீரர்களோடு, அவர்களுடைய உடுப்புத் தோய்க்கிற என்னையும் வீட்டுக்குள் அடைத்துவிட்டார்கள்.

பின்னேரம் மனைவி சுதா சாப்பாட்டையும் வீட்டுப் போனையும் படியில் வைத்துவிட்டு, வன்னிச் சண்டையை நிறுத்தச் சொல்லி இங்கத்தை எங்கள் சனத்தோடு ஹைவேயை மறிக்கப் புறப்பட்டாள்.

"வன்னியிலயிருந்து என்ர தம்பி எடுத்தாலும் எடுப்பான். உடன தூக்குங்கோ, என்ன?"

"நான் எங்க போறன்? பக்கத்திலதான் இருப்பன்."

இருட்டுகிற நேரம் மணி அடித்தது. பாய்ந்து எடுத்தேன். கிளப் டாக்டர். தொண்டை நோகிறதா, இருமுகிறதா, காய்ச்சல் உண்டா என்று வழமைபோல் ஒவ்வொன்றாகக் கேட்டார். நடுவில் இன்னோர் அழைப்பு வருவதாகக் காதுக்குள் பீப் அடித்தது. திரையில் நீளமான வெளிநாட்டு இலக்கம். டாக்டரைப் பொறுக்கச் சொல்லி மாற்றுவதற்குள் அது நின்றுவிட்டது. எத்தனையோ தரம் திருப்பி அடித்தேன். போகவில்லை.

சுதா கத்திக் கத்திக் குரல் அடைத்துப்போய் வந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

"தம்பி எடுத்தவனோ?"

"இல்லை. டாக்டர் மட்டும்தான் எடுத்தவர்."

"என்னவாம்?"

"எனக்கு ஒண்டுமில்லையாம்."

"கடவுளே, அதாவது நல்லா இருக்கட்டும். போனைத் தாங்கோ, மேல கொண்டு போறன்."

கிருமி கிடக்கும், துடைத்துவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்றேன். அந்த இலக்கம் இன்னும் போனில் இருக்கிறது. அழிக்கக் கை வரவில்லை.