மாடிக்குப் போன கேபிள்

ஏன்னா,

வந்ததும் நீங்கள் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்காருவீர்கள் என்பதால் இதை அதன்மேலேயே ஒட்டியிருக்கிறேன். ஸாதனாவுக்குப் புடவை எடுக்க நானும் அவளும் போட் ஏறி எர்ணாகுளம் போகிறோம்.

மாடியில் உங்கள் அண்ணா வீட்டுக்குக் கேபிள் இழுத்து, "சொந்தத்துக்குள்ள பாஸ்வேர்ட் எதுக்கு?" என்று இரண்டு வீட்டு ஃபோல்டர்களையும் திறந்துவிட்டீர்களே. மன்னி பார்த்துவிட்டாள். ஸாதனாவுக்கு வந்த வரன்களில் மன்னியின் தம்பி பிள்ளை போட்டோவுக்கு 'அசடு' என்றா பெயர் வைப்பது? காலையில் இறங்கி வந்து, "எங்காத்துப் பிள்ளைக்கு என்ன கொறச்சலாம்?" என்று ஒரே அழுகை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

உங்களுக்கு மொளகூட்டல் அடுப்பு மேல் இருக்கிறது. தூக்கில் இருக்கும் பால் பாயசம் மாடிக்கு. கொண்டுபோய்க் கொடுத்து, தப்பு உங்களுடையது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

அம்மிணி

பி.கு.: இந்த ஷேரிங்கை நிறுத்தலாமென்று எதையோ அமுக்கினேன், மாடி ஃபோல்டர் திறந்துகொண்டது. அதில் நம் ஸாதனாவின் போட்டோ இருக்கிறது. மன்னி வைத்திருக்கும் பெயர், 'வாய் ஜாஸ்தி, அம்மாவைப் போல'.

பாயசத்தை நீங்களே குடித்துவிடுங்கள். தூக்கு மன்னியுடையது. கழுவி, காலியாகவே திருப்பிக் கொடுங்கள்.