மருத்துவச்சி சாத்தியின் கைபேசியைத் திருப்பித் தரும்படி எழுதிய ஓலை

நீர் வற்றாத கழிமுக நாடு வாழ்க. தேன் வற்றாத தேன்வரை நாடு வாழ்க. மூன்று துறைமுகங்களை உடையவரும், உப்பளங்களின் காவலரும், தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவருமாகிய நீலமணிமாதேவியார் திருவாய் மொழிந்தருள, அவர் தம்பியும் தேன்வரை நாட்டின் வேளுமாகிய கொற்றவேளார் கண்டு உணரும்படி, ஓலைநாயகம் பெருங்காடன் எழுதியது. இங்கு யாவரும் நலம். தேவியார் மிக்க மகிழ்ச்சியில் இருக்கிறார். காரணம் பின்னே வரும். இதைக் கைபேசியில் அனுப்பினால் வேளார் ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாகப் போட்டுவிட்டு வேட்டைக்குக் கிளம்பிவிடுவார் என்று தேவியார் கருதியதால், பனையோலையை எடுக்க நேர்ந்தது.

சென்ற மாதம் வேளாரின் புலி முத்திரை பொறித்த செயலி ஒன்று தேன்வரை மக்களின் கைபேசிகளுக்கு வந்தது. அரச முத்திரை எதில் இருந்தாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏற்பது அந்நாட்டு வழக்கம். ஆகவே அனுப்பியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கைபேசியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, செயலியை உள்ளே விட்டுவிட்டார்கள். அது எவனோ ஒரு திருடன் செய்த போலி. முந்நூறு வீட்டாரின் படங்களும் கடிதங்களும் களவு போயின. வேளார் சினந்தார், அந்தச் சினத்தில் குற்றமில்லை. ஆனால் சினம் ஆறுமுன்பே ஆணை பிறந்துவிட்டது. எங்கிருந்து வரும் செயலியையும் ஏற்கும் திறந்த கைபேசிகள் யாவும் பண்டகசாலைக்கு வரவேண்டும், வரும் பௌர்ணமியன்று அவை உருக்கப்படும் என்றார். ஈடாக, செய்தவரே காவல் நின்று, தம் ஒரே கடையில் சோதித்ததை மட்டும் உள்ளே விடும் பூட்டிய கைபேசி தரப்படும் என்றார்.

அந்த ஆணை ஏழு மலையூர்களுக்கும் மருத்துவச்சியாகிய சாத்தியின் வாசலுக்கும் போயிற்று. கருவுற்ற பெண்ணின் நாள் கணக்கை வீட்டார் வாய்விட்டுச் சொல்லலாகாது, மருத்துவச்சி ஒருத்தியே காக்க வேண்டும் என்பது தேன்வரையின் வழக்கமென வேளார் அறிவார். சாத்திக்கு எழுத்து வாராது. அவள் மலைப்பேச்சில் சொன்னால் கேட்டு வைத்துக்கொண்டு, நாள் நெருங்கும்போது அதே பேச்சில் நினைவூட்டும் செயலி ஒன்றை அவள் கொழுந்தன் செய்து கொடுத்திருந்தான். பூட்டிய கைபேசிக் கடைக்கு அதை மூன்று முறை அனுப்பினான். அந்தப் பேச்சை நாங்கள் அறியோம் என்று மூன்று முறையும் திருப்பிவிட்டார்கள். திறந்த கைபேசியிலோ வெற்றிலை போடும் நேரத்தில் அவனே ஏற்றிவிட்டான்.

வீரர்கள் மரியாதையாகவே வந்து அதை வாங்கிப் போனார்கள். புதுக் கைபேசியின் பளபளப்பைக் கண்டு சாத்தியும் இரண்டு நாள் பூரித்தாள். மூன்றாம் நாள் ஒருத்திக்கு இடுப்பு வலி கண்டது. நாள் நிறைந்த வலியா, பொய் வலியா என்று பார்க்கக் கைபேசியை எடுத்தாள். அதில் கணக்கு இல்லை. நல்லவேளை, அது பொய் வலி. ஆனால் சாத்திக்கு உயிரே போய்விட்டது. ஒன்பது பெண்களின் நாளும் பண்டகசாலைக் குவியலில் கிடக்கிறதே என்று பதறி, வேளாரின் வாயிலுக்கு ஓடினாள். ஆணைக்கு விலக்கில்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள். உடனே மலையிறங்கி, மூன்று நாள் நடந்து, கால் வீங்கிக் கழிமுகம் வந்து சேர்ந்தாள்.

அவள் சொல்லை அவள் சொன்னபடியே எழுதச் சொல்லித் தேவியார் பணித்தார்: "புதுசு நல்லாத்தான் இருக்கு தாயி, குறை சொன்னா நாக்கு அழுகிப்போவும். எங்க ஓரகத்திக்கு அதுவே போதும். அவளுக்குப் பேசணும், படம் பாக்கணும், எதைத் தொட்டா என்ன ஆவுமோன்னு பயம் வேற. எனக்கு அது ஆவாது. பூட்டு நல்ல பூட்டுதான், சாவி எங்கிட்ட இல்லையே."

தேவியார் சிரித்துவிட்டார். பின்பு இரண்டு வகைக் கைபேசிகளையும் வரவழைத்து, அரண்மனையில் யார் யாருக்கு எது ஒத்துவருகிறது என்று ஒரு நாள் முழுதும் விசாரித்தார். பூட்டியது விலை கூடியது; பழுதானால் செய்தவரிடமே போக வேண்டும்; ஆயினும் ஆறாண்டு வரை புதுப்பித்துத் தருகிறார்கள், போலியும் எளிதில் நுழையாது. திறந்தது எந்தக் கைக்கும் எட்டும் விலையில் கிடைக்கிறது, உடையவர் நினைத்ததைச் செய்கிறது. ஆயினும் மலிவானவற்றைச் செய்தவர்கள் இரண்டாண்டில் கைகழுவிவிடுகிறார்கள், விழிப்பில்லாதவர் ஏமாறுகிறார். இதை எழுதும் அடியேன் வைத்திருப்பதும் பூட்டியதே. விழிப்பு அடியேனுக்குக் கொஞ்சம் குறைவு என்பதையும் தேவியார் எழுதச் சொல்கிறார். சாத்தியின் பிழைப்புக்கு ஏற்றதைச் சாத்தியே அறிவாள் என்பது அவர் முடிவு.

இனி மகிழ்ச்சியின் காரணம். அந்த ஒன்பது பெண்களில் எட்டுப் பெயர்களைச் சொல்லவே முடியாது என்று சாத்தி மறுத்துவிட்டாள். நாத்தனார் அறிவது வழக்கத்துக்கு விரோதமில்லை என்பதால் ஒன்பதாம் பெயரை மட்டும் தேவியாரின் காதில் சொன்னாள். வேளாரின் மனைவியார் பூங்குழைத் தேவியார் என்றாள். அக்காளுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா தம்பிக்கு என்று தேவியார் கோபித்தார், அழுதார், அப்போதே வளையல்காரரை வரவழைத்தார். தம் பிள்ளை பிறக்கும் நாளையும் சேர்த்து உருக்கக் குவித்திருப்பதை வேளார் அறிந்திருக்க மாட்டார்.

ஆகவே ஆணை இது. சாத்தியின் கைபேசி பௌர்ணமிக்கு முன் அவள் கையில் சேர்க. பறித்தவை யாவும் உடையவர்க்கே மீள்க. பூட்டியதை விரும்புவோர் பூட்டியதையே வைத்துக்கொள்க. முத்திரை கண்டதும் கண்ணில் ஒற்றாமல், கொண்டுவந்தவரை விசாரித்தே எதையும் ஏற்கும்படி ஊரெங்கும் பறையறைக. அதை வேளார் இவ்வோலையிலிருந்தே தொடங்குக. கீழே பொறித்த மீன் முத்திரை மெய்தானா என்று ஐயுற்றால், ஓலையைக் கொண்டுவந்து எதிரே நிற்பவளைக் கேட்டறிக. அவள்தான் சாத்தி.