சுண்ணாம்புக்குக் கீழே

மாரியம்மன் துணை

குன்னூர்
12.5.2024

அன்புத் தம்பி தீபக்குக்கு,

லாரி எடையைத் தாங்குமா என்று சோதிக்க வந்து, எஸ்டேட் கல்வளைவுப் பாலத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாய். ஒரு வாய் சாப்பிடாமல் போய்விட்டாய். போன் போட்டால் "மீட்டிங்கில இருக்கேன்க்கா" என்கிறாய். அதனால் எழுதுகிறேன்.

அம்மன் தேர் அந்தப் பாலத்தின் மேல்தான் வரும். திருவிழாவுக்கு முன்னால் விரிசலைச் சிமெண்டால் அடைத்து வெள்ளையடிப்போம். இந்த வருடம் நானும்தான் பூசினேன். பாலத்தின் கிழக்குக் காலில் என் சுண்டுவிரல் நுழைகிற விரிசல் அந்தப் பூச்சுக்குள்ளே இருக்கிறது. உன் படத்தில் தெரியாது. மூன்று வருடமாக, பூசுவதற்கு முன்னால் தேதி போட்டு அளந்து வருகிறேன். வருடத்துக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், கூடுகிறது. அந்தக் குறிப்பின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். உன் மச்சான் தினமும் தேயிலைக் கொழுந்து லாரியை அதன் மேல்தான் ஓட்டுகிறார்.

அக்கா
ராஜப்ரியா

கோவை
20.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நகல் கிடைத்ததுங்க. கணினியில் பாலத்தைக் கல் கல்லாகக் கட்டி லாரி எடையை ஏற்றிப் பார்த்தோம். தாங்குதுங்க. இரண்டு காலும் அசையாது என்று வைத்துத்தான் கணக்கு. அசையும் என்று போட்டால் மண் பரிசோதனை, இன்னும் இரண்டு மாதம். அறிக்கை வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். டெய்லர் டேப்பில் அளந்ததை அதில் எப்படிக்கா போடுவது? சாமி கும்பிட்டு நிம்மதியாக இருங்க.

தீபக்

கோவை
18.11.2024

அக்கா,

பாலம் லாரியோடு இடிந்து உட்கார்ந்ததைக் கேட்டதிலிருந்து தூக்கமில்லை. மச்சானுக்கு இடுப்பு எலும்பு சேருமா? வரமுடியாத நிலைமைங்க. விசாரணைக்கு உங்களிடம் வருவார்கள். விரிசலை எனக்கு எழுதியதாகச் சொல்லிவிடாதீங்க, என் வேலையே போய்விடும். யோசித்துப் பாருங்க, பூசி மறைத்ததே நீங்கதானே?

தீபக்

குன்னூர்
2.2.2025

தீபக்குக்கு,

பூசினேன். வந்த அதிகாரியிடம் முதலில் அதைத்தான் சொன்னேன். உனக்கு எழுதியதையும், நீ பதில் போட்டதையும் அப்புறம் சொன்னேன். தினமும் அம்மன் முன்னால் நிற்கிறவளால் ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்க முடியாது.

உன் மச்சான் இனி லாரி ஏறமாட்டார். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "ஏம்புள்ள, தீபக்கு வல்லியா?" என்றார். "வர்றானுங்க, வழியில இருக்கான்" என்றேன். மூன்று நாள் அதையே சொன்னேன். நாலாம் நாள் அவர் கேட்கவில்லை.

என் மகள் கனிஷ்கா தை பிறந்ததும் பெரியவளானாள். உனக்குச் சொல்லவில்லை. லாரிக்கு அடியிலிருந்து அவரை இழுத்த சங்கிலி என்ற லோடுமேன்தான் சீர்த்தட்டு எடுத்துவந்தான். "மாமன் எங்கீங்க?" என்று கேட்டவர்களுக்கு அவனைக் காட்டினேன்.

ராஜப்ரியா