எய்ரிக் மாட்டிவிட்டுப் போன பிளேடு

கிம்லி,
பிப்ரவரி, வியாழக்கிழமை

அன்புள்ள எய்ரிக்,

பெர்த்தில் வெயில் கொளுத்துகிறதாமே, தொப்பி இல்லாமல் வேலைக்குப் போகாதே. நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அதில் பாதிதான் நிஜம். உன் அப்பாவின் வலது மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறது. எக்ஸ்ரே எடுத்தாயிற்று, எலும்பு முறியவில்லை, பயப்படாதே. எல்லாம் உறைந்த ஏரியில் மீன் பிடிக்க ஐஸ் துளைக்கும் அந்த மிஷினால் வந்தது. போன குளிர்காலம் நீ மாட்டிவிட்டுப் போன பிளேடுகள்தான் அதில் இன்னும் இருக்கின்றன. கரையோரம் மணல் கலந்த ஐஸில் துளைத்துத் துளைத்து இரண்டும் மழுங்கிவிட்டன. மிஷின் கத்துகிறதே தவிர இறங்குவதில்லை, சில்லு சில்லாக வரவேண்டிய ஐஸ் மாவாக வருகிறது. இவரோ அந்தப் பலவீனமான நெஞ்சை வைத்துக்கொண்டு மிஷின் மேலே ஏறி அழுத்துகிறார். பக்கத்தில் தூண்டில் போடும் ஓரெஸ்ட் சும்மா இருப்பாரா, "என்னய்யா ஹால்டோர், மீன் பிடிக்க வந்தியா, ஏரிக்கு முதுகு சொறிய வந்தியா?" என்று கேட்டாராம். மெல்லிசாகச் சீவுகிற பிளேடு மணல் பட்டால் ஒரே நாளில் போய்விடும், பல் வைத்ததுதான் நமக்குச் சரி என்று நீ சொல்வாயே, அதையே ஒரு ஜோடி வாங்கிவந்து கொடுத்தேன். பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டார். "புள்ள மாட்டினது, அவனே வந்து கழட்டட்டும்" என்கிறார். நீ கிளம்பிய அன்று, போறவன் போகட்டும் என்று சொல்லிவிட்டு வாசலுக்குக்கூட வராத மனிதர்!

செவ்வாயன்று ஒரு பிளேடை மட்டும் கழற்றி அரத்தால் தீட்டி மாட்டியிருக்கிறார். மற்றதைத் தொடவில்லை. ஜோடியில் ஒன்று கூராகவும் ஒன்று மழுங்கலாகவும் இருந்தால் மிஷின் ஒரு பக்கமாகக் கடித்து ஆளையே சுழற்றிவிடும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவர் அவர்தான். அதேதான் நடந்தது, மிஷின் கையை முறுக்கித் தள்ளிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டே திட்டினேன், இத்தனை வயசுக்கு இதுகூடத் தெரியாதா என்று. "ஒண்ணாவது அவன் வச்சபடியே இருக்கட்டும்னு பாத்தேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

ஞாயிறுதோறும் நீ கூப்பிடும்போது இவர் பக்கத்து நாற்காலியில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ஒரு பக்கம்கூடத் திருப்பமாட்டார். போனை வைத்ததும், "என்ன சொன்னான்?" என்பார். நீயும் அவரைப் பற்றி என்னிடம்தான் விசாரிக்கிறாய். நடுவில் நின்று எனக்கு அலுத்துவிட்டது கண்ணா. நீ பெரிதாக ஒன்றும் பேசவேண்டாம். ரெண்டையும் சேர்த்து மாத்துங்கப்பா, ஐஸில் தட்டிச் சுத்தம் பண்ணாதீங்க, ஈரம் துடைத்து எண்ணெய் போட்டு வையுங்க என்று சொல். எல்லாம் அவருக்குத் தெரிந்ததுதான், உன் வாயால் கேட்கவேண்டும். உறுமுவார், உறுமட்டும்.

உலர்ந்த பிளம் பழம் வைத்த கேக் பார்சலில் வருகிறது, பிரித்ததும் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடாதே. கர்த்தர் உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, இந்த ஞாயிறு போன் அடித்தால் நான் எடுக்கமாட்டேன். அவர் எடுக்கும்வரை அடிக்கவிடு.

உன் அம்மா,
சோல்ரூன்