வரிகளை அழித்து விற்ற வட்டுகள்

புதிய தொலைக்காட்சிப் பெட்டியோடு வந்த தாள்களில் ஒன்றில், இதிலுள்ள மென்பொருளின் மூல நிரல் வேண்டுவோர் எழுதிக் கேட்கலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். நின்றபடியே இரண்டு முறை படித்தேன். நீ இறந்து எட்டு மாதம் ஆகிறது.

எண்பதுகளின் கடைசி. மலேசியாவின் சுங்கை பட்டாணியில் நான் தட்டச்சு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். உனக்கு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த தோழிகள் நாம். வேலை முடிந்து வந்து, என் வகுப்பிலிருந்த ஒரே கணினியில், தமிழ் எழுத்துகளை அச்சிடும் நிரலை நீ எழுதினாய். அதை டிஸ்கெட் வட்டில் பதிந்து நான் விற்றேன். உன் நிபந்தனை ஒன்றுதான்: வாங்குகிறவருக்கு நிரலின் வரிகள், அதாவது மூல நிரல், முழுவதும் போய்ச் சேர வேண்டும். அவர் திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் அடுத்தவருக்கும் அதே உரிமையோடு கொடுக்க வேண்டும். வெளிநாட்டு நிரல் ஒன்றோடு வந்த குறிப்பில் இப்படிப் பார்த்ததாகச் சொன்னாய்.

நான் தலையாட்டினேன். பிறகு ஒவ்வொரு வட்டிலும் அந்த வரிகள் இருந்த கோப்பை அழித்துவிட்டு விற்றேன். அது இல்லாமலும் நிரல் ஓடும்; திருத்தத்தான் முடியாது.

மெர்கோங்கில் தேவாலய இதழ் தயாரிக்கும் ஆசிரியர் ஒருவர் பஸ் ஏறி வந்த சனிக்கிழமை நீயும் இருந்தாய். ‘கிறிஸ்து’ என்று அடித்தால் ‘ஸ்’ மேல் புள்ளி விழவில்லை.

“இருநூறு பிரதியிலயும் நானே பேனாவால புள்ளி வச்சேன்மா,” என்றார்.

“வரியெல்லாம் டிஸ்கெட்லயே இருக்கே சார். நீங்களே திருத்தியிருக்கலாமே?” என்றாய் நீ.

“அப்படி ஒண்ணும் இல்லையேம்மா.”

வட்டைப் போட்டுப் பார்த்தாய். அவர் தேநீர் குடிக்கப் போனதும் என் பக்கம் திரும்பினாய்.

“நீதான் அழிச்சியா?”

“குடுத்தா நாளைக்கு அவங்களே விப்பாங்க லா. அப்புறம் நம்மகிட்ட யாரு வருவா?”

“விக்கட்டுமே. நாம விக்கலையா? மூடி வச்சு விக்கிறதுதான் கூடாது. உன்னை நம்பித்தானே குடுத்தேன்.”

உன் குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

அன்றே முழு நிரலையும் அவருக்குக் கொடுத்தாய். மற்றவர்களுக்கு நான் கூலிம், அலோர் ஸ்டார் என்று பஸ்ஸில் அலைந்து கொடுத்தேன், மன்னிப்பும் கேட்டேன். நீ என்னோடு வரவில்லை.

சில வாரங்களில் ஆசிரியரிடமிருந்து ஒரு வட்டு வந்தது. புள்ளியைச் சரிசெய்ததோடு, வரியின் முடிவில் சொல்லைப் பிரிக்கவும் வழி செய்து, தன் வரிகளையும் சேர்த்து அனுப்பியிருந்தார். நான் பயந்ததும் நடந்தது. அச்சகக்காரர் ஒருவர் அதையே விற்கத் தொடங்க, என்னிடம் வருகிறவர்கள் குறைந்தார்கள். அவருடைய வட்டையும் வாங்கிப் பார்த்தாய்.

“எல்லா வரியும் இருக்கு. ஒழுங்கா குடுத்திருக்காரு,” என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகும் தோழிகளாகத்தான் இருந்தோம். ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் மற்றவர் பந்தி பரிமாறினோம். ஆனால் புதிதாக எழுதிய எதையும் நீ என்னிடம் விற்கக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்றும் யாராவது எனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டு வந்தால் முதலில் தயங்குகிறேன். அது என் சுபாவம். இத்தனை வயதுக்குப் பிறகு மாறாது. கொஞ்ச நேரம் கழித்து, எதையும் பிடித்து வைக்காமல் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன். அது உன்னிடமிருந்து வந்தது.