குழாயில் கிடக்கும் நங்கூரங்கள்

12-1-2009, திங்கள்

பனி. எட்டு மணிக்கும் கடல் தெரியவில்லை. வலை தைக்க உட்கார்ந்தேன், விரல் விறைத்துப்போனது. எழுத உட்கார்ந்தேன், விறைப்பு ஓடிவிட்டது! முதியோர் வகுப்பு டீச்சர் நேற்று என் நோட்டைப் பார்த்து, "தாத்தா, ஒங்க கையெழுத்து இப்ப கோட்டுமேல நிக்குது" என்றார். அறுபத்தெட்டு வயதில் நின்றது. இரண்டு டீ குடித்தேன்.

டீக்கடைப் பேப்பரை நானே சத்தமாகப் படித்தேன். தலைப்பு மட்டும். யாரும் கேட்கவில்லை, பரவாயில்லை.

1. எங்கேயோ பனி நாட்டில் ஒருவன் பக்கத்து நாட்டுக்குப் போகும் கேஸை மூடிவிட்டான். நீ திருடினாய் என்கிறான் இவன். மூடியது நீதான் என்கிறான் அவன். இரண்டு பேரையும் நம்பியிருந்த சனம் குளிரில்.

2. நம் கடலில் உடைந்த கேஸ் குழாய், சதியாம். அந்நியக் கை என்கிறது ஆளுங்கட்சி. விலையை ஏற்றக் கம்பெனியே செய்தது என்கிறது எதிர்க்கட்சி.

3. தங்கம் விலை. படிக்கவில்லை.

அந்நியக் கையைப் பிடித்துவிட்டார்கள். என் தங்கை மகன் ராஜவேலு. சனிக்கிழமை சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்கள் வந்து சோற்றுத் தட்டிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போனார்கள். குழாய் உடைந்த இடத்தில் முக்குளித்தவர்களுக்கு ஒரு நங்கூரம் கிடைத்ததாம். அதில் அவன் பேர். ஊரில் பேர் போட்ட நங்கூரம் அவனுடையது ஒன்றுதான். ஆசைப்பட்டு வெல்டிங் வைத்தான்.

தூ.

13-1, செவ்வாய். போகி

புகை. கண் எரிகிறது. மகன் செல்வம் வந்தான். தட்டாஞ்சாவடியில் பாட்டில் கம்பெனியில் வேலை. கேஸ் வராமல் உலை அணைந்துவிட்டது, வேலை இல்லை.

"ஒங்க ஆளுங்கதான் நைனா ஒடச்சிட்டானுவ. எங்க வயித்துல அடிச்சிட்டானுவ."

"எங்க ஆளுன்னா? நீ எந்த ஊர்ல பொறந்த?"

"நான் கடலுக்கா போறேன்?"

"முன்னெல்லாம் எண்ணெய ஊத்தித்தான உலைய எரிச்சிங்க? அந்த எண்ணெ டேங்க் இன்னா ஆச்சு?"

"கேஸ் வந்தப்பவே வெட்டி காயலான் கடைக்கிப் போட்டாச்சு."

மொத்த வேலையையும் ஒரே குழாயில் கட்டித் தொங்கவிட்டவன் முதலாளி. நங்கூரம் போட்டவன் சதிகாரன். அந்தக் குழாய் எங்கள் தெருவுக்கு அடியில்தான் போகிறது. எங்களில் ஒரு வீட்டிலும் கேஸ் அடுப்பு கிடையாது. என் மனைவி தனம் சவுக்குக் கட்டையை ஊதிக்கொண்டிருக்கிறாள், இதை எழுதும்போதும்.

14-1, புதன். பொங்கல்

பொங்கல் வைக்கவில்லை. தங்கை வீட்டில் அழுகை.

எனக்குத் தெரிந்ததை எழுதிவிடுகிறேன். வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன்.

அந்த இடத்தைக் கண்டுபிடித்தவன் நான். குழாய் போட்ட மறு வருஷமே. வெறும் மண் தரையில் பாறை முளைத்த மாதிரி அது கிடக்க, மீன் வந்து ஒண்டிக்கொண்டது. சங்கரா, கொடுவா. கரையில் கோயில் கோபுரமும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே நேராகத் தெரிந்தால் அதுதான் இடம். நங்கூரத்தை விட்டால் குழாயில் மாட்டும், படகு அசையாது. அங்கே போகக்கூடாது என்று உத்தரவு. போகாத படகு, அங்கே நங்கூரத்தை அறுத்துவிட்டு வராத படகு ஊரில் கிடையாது.

ஆவணியில் ராஜவேலு படகில் நானும் போனேன். நங்கூரம் மாட்டிக்கொண்டு வரவில்லை. காற்று ஏறிவிட்டது. "அறுத்துடு மாமா, வேற செஞ்சிக்கலாம்" என்றான். கயிற்றை அறுத்த கத்தி என்னுடையது. அதற்கப்புறமும் நாலு மாதம் குழாயில் கேஸ் போனது. உடைத்தது யார், தெரியாது. கம்பெனிக் கப்பலா, நாங்கள் எல்லோரும் சேர்ந்து இழுத்த இழுப்பா, தானாக விட்டுப்போனதா. அவன் சதி செய்யவில்லை. அது தெரியும்.

மாலையில் ஊர்த் தலைவரிடம் போய், ஸ்டேஷனில் சொல்லப்போகிறேன் என்றேன். பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாய மூடிக்க கலியபெருமாளு. இப்ப ஒருத்தன் உள்ள. நீ போய் சொன்னின்னா ஊரே உள்ள. அந்த எடமும் போயிரும்."

"அவன் வருசக்கணக்குல உள்ள கெடப்பான்றாரு வக்கீலு."

"அவன் பொண்டாட்டி புள்ளைக்கி ஊரு சோறு போடும். போ, போயி எழுத்துப் படி."

சிரித்தார்கள். எல்லாம் அந்த இடத்து மீனைத் தின்று பெருத்த வயிறுகள். மீன் போய்விடுமாம். மனுஷன் போனால் பரவாயில்லையாம். வீட்டுக்கு வந்து வாய் கொப்பளித்தேன்.

15-1, வியாழன்

வாக்குமூலம் எழுத ஆரம்பித்தேன். மூன்று தாள் வீண். நாலாவது தாள் நன்றாக வந்தது. என்ன அழகு, என் பேர் மேலே!

தனம் பெரிய மார்க்கெட்டிலிருந்து கூடையோடு வந்தாள். இன்னும் கோபம் அடங்கவில்லை. சொல்தா வீட்டம்மா மீன் வாங்க வந்தாராம். அவர் புருஷன் சொல்தா, அதாவது பிரெஞ்சு பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குபவர்.

"இன்னா சொல்லுதுன்ற? 'ஏண்டி தனம், ஒங்க ஆளுங்க கேஸ் குழாய ஒடச்சிட்டாங்களாமே, பாரீசுல என் பொண்ணு குளுருல நடுங்குறா'ன்னுது. பிரான்சு குளுருக்கும் நம்ம ராஜவேலுதான் காரணமாம்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. எழுதியதைப் படித்துக் காட்டினேன். அடுப்பை ஊதாமல் கேட்டாள். முடித்ததும்:

"என் பேரு எங்க?"

"நீ எதுக்கு?"

"அந்த மீன இத்தினி வருசமா வித்தது யாரு? ஒங்க ஊர்த் தலைவரா?"

எழுதினேன். தனலட்சுமி. இந்தப் பேரை இதற்குமுன் நான் எழுதியதே இல்லை.

16-1, வெள்ளி

காலை பஸ்ஸில் இருவரும் ஸ்டேஷன். ரைட்டர் என் தாளைத் தொடவில்லை.

"நீ சொல்லு பெருசு, நான் எழுதுறேன். கைநாட்டு வெச்சிட்டு போ."

சொன்னேன். எழுதினார். படித்துப் பார்க்கிறேன் என்றேன். "நீயா?" என்றார். அரை மணி நேரம் எழுத்தெழுத்தாகப் படித்தேன். ஒரு சிவப்புத் தொப்பி கொட்டாவி விட்டது. மூன்றாவது வரியில் இருந்தது: 'குழாயைச் சேதப்படுத்தும் நோக்கத்துடன்'.

"இத நான் சொல்லலிங்க."

"இந்த மாதிரி கேசுல அப்டிதான்யா எழுதுறது."

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் தாளை நீட்டினேன். வாய்த் தகராறு. இன்ஸ்பெக்டர் வந்து நின்றபடியே என் தாளைப் படித்தார்.

"இதுல கையெழுத்துப் போட்டா நீயும் இந்தக் கேசுல எதிரிதான். ரெண்டாவது எதிரி. தெரியுதா?"

போட்டேன். கோட்டுமேல் நின்றது. தனம் மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். "அப்ப மூணாவது நானு." கைநாட்டு.

எங்களை உள்ளே வைக்கவில்லை. ஊரைவிட்டு நகராதே என்றார் இன்ஸ்பெக்டர். ராஜவேலுவை விடுவீர்களா என்று கேட்டேன்.

"ஒரு நங்கூரம் இருந்தா அது சதி. ஊரு நங்கூரம் பூரா அங்க கெடக்குதுன்னா கதையே வேற. ஆனா நீ ஒருத்தன் சொன்னா போதாது பெருசு. அவனவன் வந்து என்னுதுன்னு எழுதிக் குடுக்கட்டும்."

ஊர் எழுதிக் கொடுக்குமா! பஸ்ஸில் வரும்போது கடைப் பலகைகளைக்கூட படிக்கவில்லை.

17-1, சனி

வாடைக் காற்று. தெருவில் ஒருவரும் பேசவில்லை. தண்ணீர்க் குழாயடியில் தனத்தின் குடத்தை எட்டித் தள்ளினார்களாம். வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஏழுமலை கதவைச் சாத்தினான். முருகையன், "எனக்கு நங்கூரமே இல்ல பெரியப்பா" என்றான். படகு வைத்திருக்கிறான், நங்கூரம் இல்லையாம்.

செல்வம் வந்து என் தாளின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தான். எழுத்துக் கூட்டாமல், வேகமாக. "இது வெளிய வந்தா எங்க முதலாளி ஒன்னிய சும்மா வுடமாட்டான் நைனா." பிறகு, "டேங்க வெட்டுனதயும் எழுதியிருக்கலாம்" என்றான்.

18-1, ஞாயிறு

விடிந்ததும் கடலில் பெரிய தட்டைக் கப்பல், பார்ஜ். கம்பெனி குழாய்மேல் பாறாங்கல் கொட்டுகிறது. காவல் படகு இரண்டு. இனி அங்கே ஒரு தூண்டில்கூடப் போட முடியாது. கரையில் ஊரே நின்று பார்த்தது. ஊர்த் தலைவர் காறித் துப்பினார்.

பத்து மணிக்கு என் வாசலில் ஆள். முதலில் ஏழுமலை. "எனுக்கு ரெண்டு கெடக்குது, எழுதிக்க மாமா. பாவம் ராஜவேலு." நேற்று இந்தப் பாவம் எங்கே போயிருந்தது? மறைக்க ஒன்றும் மிஞ்சவில்லை என்றதும் எல்லோருக்கும் நியாயம் பிறந்துவிட்டது. ஆனாலும் எழுதுகிறேன். ஆளுக்கொரு தாள். செல்வம் எழுதித் தருகிறேன் என்றான். பேனாவைக் கொடுக்கவில்லை.

ஏழுமலை – 2. கையெழுத்து.

முருகையன் (நங்கூரமே இல்லாதவன்) – 3. கைநாட்டு.

தேசிங்கு – 1. கைநாட்டு.

சின்னத்தம்பி – 2, ஒன்று இரவல் வாங்கியது. கையெழுத்து.

ஊர்த் தலைவர் – 4. பேரை மட்டும் எழுதிக்கொள், கையெழுத்து வேண்டாம் என்கிறார். போட்டால்தான் எழுதுவேன் என்றேன். எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஒரு மணி நேரமாகிறது. எனக்கு அவசரமில்லை.